ஞாயிற்றுக்கிழமை எடை

நான்கு கிலோ தொள்ளாயிரம்.
தராசு முள் நிற்கும் முன்பே என் கை சொல்லிவிட்டது.
பதினாறு வருடம் சூரை தூக்கிய கை,
ஐம்பது கிராமுக்கு மேல் பிசகாது.
வராந்தாவில் நின்ற மைத்துனர்களிடம் சொன்னேன்,
ரக்பி முன்வரிசைக்கு ஆள் வந்தாயிற்று.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
உள்ளே லோசெலி சிரிக்கவில்லை.

அவள் எண்ணியிருந்தாள்:
தலை வெளியே வந்த பிறகு
தோள் வருவதற்குள்
மூன்று நிமிடம்.
இரண்டு பேர் அவள் முழங்கால்களை
மார்போடு மடக்கிப் பிடித்தார்களாம்,
ஒருத்தி அடிவயிற்றில் கை ஊன்றி அழுத்தினாளாம்.
பவளப்பாறை இடுக்கில் சிக்கிய நங்கூரத்தை
இழுக்கக் கூடாது, படகைத் திருப்ப வேண்டும்.
அதைத்தான் செய்திருக்கிறார்கள்.
பிள்ளையின் வலக்கை மட்டும்
காற்று போன பாயாகக் கிடந்தது.
"திரும்பிவிடும், பெரும்பாலும்" என்றாள் நர்ஸ் வைமோவானா.
பெரும்பாலும் என்ற சொல்லை
நான் வானிலை அறிக்கையில் மட்டுமே கேட்டிருந்தேன்.

பிறகு குதிகாலில் குத்தினாள்.
ஒரு துளி. ஓர் எண்.
ஒன்று புள்ளி மூன்று.
ஓடினாள்.
இத்தனை சிறிய எண்ணுக்கு
ஒருத்தி ஓடி நான் பார்த்ததில்லை.

எங்கள் வவாவு தீவில் அந்த நோய்க்கு வேறு பெயர் கிடையாது.
சர்க்கரை என்றால் சர்க்கரைதான்.
என் மாமனாரின் இடக்காலை வாங்கிக்கொண்டது அது.
ஐந்தாம் மாதம் லோசெலியிடம் டாக்டர் சொன்னதும் அதுவே.
அன்றிரவே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைப்
படகின் ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

"அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது.
அதனால்தான் இவனுக்குச் சர்க்கரை இல்லை"
என்றாள் வைமோவானா.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
துறைமுகத்துப் பாஷையில் மறுபடி சொன்னாள்:
உள்ளே இருந்தவரை இரவு பகலாகச் சரக்கு வந்தது,
இறக்குவதற்கு இவன் கணையம்
ஆள்மேல் ஆள் சேர்த்தது,
கொடியை வெட்டினோம், கப்பல் நின்றது,
கூலியாட்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
இந்த நாட்டில் இன்று வலை வீசக் கூடாது,
கடை திறக்கக் கூடாது,
விமானம்கூடப் பறப்பதில்லை.
ஒரு விரல் அளவுகூட இல்லாத அந்த உறுப்பு மட்டும்
வேலை செய்துகொண்டிருந்தது,
வராத சரக்குக்காக
இருந்ததையும் அள்ளிப் போட்டபடி.
அவன் தாடை நடுங்கியது.
குளிர் என்று நினைத்துப் போர்வை தேடினேன், நான் முட்டாள்.

வைமோவானா குழாயைப் பிதுக்கி
விரல் நுனியில் எடுத்து
அவன் கன்னத்தின் உட்புறம் தடவினாள்.
"என்ன அது?"
"சர்க்கரை."

லோசெலி அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.
"சாவி தூண்டில் டப்பாவில் இருந்தது.
எனக்குத் தெரியும்.
ஒருநாளும் எடுக்கவில்லை."
நான் கேட்கவே இல்லையே என்றேன்.
"நீ கேட்கவில்லை" என்றாள்,
குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.
சீம்பால் மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக,
எந்தத் தராசிலும் நிற்காத அளவு.

ஒன்று புள்ளி ஒன்பது.
தேவாலயத்தில் ஆண்களின் குரல் கீழ்ஸ்தாயியில் இறங்கியது.
இரண்டு புள்ளி இரண்டு.
மைத்துனர்கள் சாப்பிடப் போனார்கள்.
குதிகாலில் இப்போது நான்கு புள்ளிகள்,
எறும்பு கடித்ததுபோல்.
இருட்டும் வேளையில் இரண்டு புள்ளி எட்டு.
வைமோவானா முதல்முறையாக உட்கார்ந்தாள்.

தலைநகரிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.
பிள்ளைக்குப் பெயர் வைப்பது அத்தைதான்,
இங்கே அதுதான் முறை.
"எவ்வளவு?" என்றாள், எடுத்ததும்.
"இரண்டு புள்ளி எட்டு."
"ஐயோ, அவ்வளவு சின்னதா?"
"இல்லை அக்கா" என்றேன்.
"பெரிது. ரொம்பப் பெரிது."

அடுத்த குத்து ஒன்பது மணிக்கு.